‘ஓய்ரிக்’ என்று பெயர் வைத்தால் பிள்ளையை யார் கூப்பிடுவார்கள்?

ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒற்றைக் கையால் ஃபோனில் தட்டிய கடிதமாம், அதனால் கொஞ்சம் முன்னும் பின்னுமாக இருக்கிறது. சுருக்கித் தருகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் ஸ்காட்லாந்துக்காரர். மாமியார் லூயிஸ் தீவின் வடகோடியில், நெஸ் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், வாயைத் திறந்தால் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான காலிக்தான். பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. பேத்தியைப் பார்க்க மாமியார் ஸ்டோர்னவேயில் கப்பலேறி, அல்லப்பூலில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்து தொட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தன் அம்மா பெயரை வைக்க வேண்டும்: ‘ஓய்ரிக்’. கணவரும் “பாட்டி பெயர் வைப்பது எங்கள் வழக்கம்” என்கிறார். வாசகிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. “ஓ, ஐ, ஜி, ஹெச், ஆர், ஐ, ஜி என்று எழுதி ஓய்ரிக் என்று படிக்கிறார்கள் மேடம், இது என்ன எழுத்து, நடுவில் இருக்கிற ஜி ஹெச் எங்கே போயிற்று?” என்று கேட்கிறார். அவருக்குப் பிடித்தது ‘வாரி’, இல்லாவிட்டால் ‘சீர்ஷா’. இரண்டும் இணையத்துப் பட்டியலில் பார்த்தவை. ஊரில் அவருடைய அப்பாவோ, “செல்லம்மான்னு உங்கம்மா பேரு எங்கயாவது ஒரு ஓரத்துல வரணும்” என்று சொல்லியிருக்கிறார்.

கவலைகள் இன்னும் உண்டு. மாமியாருக்கு ஞாபகம் தடுமாறுகிறதோ என்று சந்தேகம், ஏனென்றால் அதே அம்மாவை ஒருநாள் ‘எஃபி’ என்கிறார், ஒருநாள் ‘ஓய்ரிக்’ என்கிறார், பழைய சான்றிதழ் ஒன்றில் ‘யூஃபீமியா’ என்று இருக்கிறது. இதற்கு நடுவில் குழந்தையைப் பார்த்து ‘மேட்டல், மேட்டல்’ என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார், யாரையும் கேட்காமல் அவராகவே ஒரு பெயரை முடிவு செய்துவிட்டாரா? மாநிறப் பிள்ளைக்குக் காலிக் பெயர் வைத்தால் வேஷம் போட்ட மாதிரி இருக்கும் என்று தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். 21 நாளுக்குள் பதிய வேண்டும், பதிந்துவிட்டால் மாற்றவே முடியாது என்று வேறு கேள்விப்பட்டிருக்கிறார். கடைசியாக ஒரு வரி: “ஆஸ்பத்திரியில் இன்னமும் என்னை மிசஸ் சுடலைமுத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது என் அப்பா. என் பெண்ணுக்கும் இப்படி ஆகிவிடக் கூடாது.”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வாழ்த்துகள். நீங்கள் எழுதியபோது குழந்தைக்கு ஒன்பது நாள், நான் பதில் எழுதும்போது பதினொன்று, அதனால் உங்களுக்கு இதை நேரிலும் அனுப்பிவிட்டேன். நான் இங்கே குடும்ப வழக்குகள் பார்க்கிற வழக்கறிஞர். பெயர் விஷயத்தில் சட்டம் உங்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு, உங்கள் அத்தையைப் பற்றி நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் இரண்டு விஷயங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஞாபகம் தடுமாறவில்லை. எஃபி, ஓய்ரிக், யூஃபீமியா மூன்றும் ஒரே ஆள்தான். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்று 1855-ல் ஏற்பாடு வந்தது. பதிவேடு ஆங்கிலத்தில். காலிக் பேசுகிற வீட்டிலிருந்து ஒரு தகப்பன் போய் “பொண்ணு பிறந்திருக்கு, பேரு ஓய்ரிக்” என்றால், அதற்குச் சமமாக வழக்கத்தில் இருந்த ஆங்கிலப் பெயர் ஒன்று பேரேட்டில் ஏறும். ஓய்ரிக்குக்கு எஃபி அல்லது யூஃபீமியா. இரண்டுக்கும் அர்த்தத்தில் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது, பழக்கம் அவ்வளவுதான். இப்படியே டோர்மட் என்பவர் ‘நார்மன்’ ஆனார், யாக்கன் என்பவர் ‘ஹெக்டர்’ ஆனார், பெஹக் என்ற பெண் ‘ரெபெக்கா’ ஆனாள். காகிதத்தில் ஒரு பெயர், அடுப்படியில் ஒரு பெயர் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். உங்கள் அத்தையின் அம்மாவை வாழ்நாள் முழுக்க எல்லோரும் ஓய்ரிக் என்று கூப்பிட்டிருப்பார்கள், ஆனால் அந்தப் பெயர் அநேகமாக எந்த அரசாங்கத் தாளிலும் ஒருமுறைகூட எழுதப்பட்டிருக்காது. அத்தை ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறார் என்று கேட்டிருந்தீர்களே, என் ஊகம் இதுதான். ஊகம்தான், நீங்களே அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ‘மேட்டல்’ பெயரே இல்லை. காலிக்கில் கொஞ்சிக் கூப்பிடுகிற வார்த்தை, ‘என் செல்வமே’ என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள், மாடுகன்று என்றும் பொருள். பழந்தமிழில் ‘மாடு’ என்றாலும் செல்வம்தானே, மாடு வைத்துப் பிழைத்த ஊர்களில் எல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஆக நீங்கள் ‘செல்லம்’ என்று கொஞ்சுகிற பிள்ளையை அவர் ‘செல்வம்’ என்று கொஞ்சுகிறார். இதற்குப் போய் மூன்று நாளாக அவரோடு சரியாகப் பேசவில்லை என்கிறீர்களே!

அந்த ‘ஹெச்’ எங்கே போயிற்று

எழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நாமும் ஆங்கிலத்தில் நம் பெயரை எழுதும்போது ‘ழ’ வர வேண்டும் என்பதற்காக ‘இசட்’டுக்குப் பின்னால் ஒரு ‘ஹெச்’சை ஒட்டுகிறோம். அதைப் பார்த்து ழ என்று படிக்க ஒரு தமிழன் வேண்டும், மற்றவர்களுக்கு அது ஏதோ ஈ மொய்த்த மாதிரி இருக்கும். காலிக்கிலும் அதே கதைதான். அவர்களுடைய நெடுங்கணக்கில் 18 எழுத்துதான். ஜே, கே, வி, டபிள்யூ, ஒய், இசட் எல்லாம் கிடையாது. ‘வ’ என்ற ஒலி வேண்டுமானால் ‘எம்’மோடோ ‘பி’யோடோ ஒரு ஹெச் சேர்த்து எழுதுவார்கள். ‘டி’, ‘ஜி’ இவற்றோடு ஹெச் சேர்ந்தால் பல இடங்களில் ஒலி கரைந்து காணாமலே போகும். உங்கள் ஓய்ரிக்கில் நடந்தது அதுதான். நமக்கும் ‘க’ ஒரே எழுத்து, கப்பலில் ஒரு மாதிரி, மகனில் ஒரு மாதிரி. மெலிவதை நாம் எழுதிக் காட்டுவதில்லை, அவர்கள் ஹெச் போட்டுக் காட்டுகிறார்கள். பார்க்கப்போனால் நம்மைவிட அவர்கள் நேர்மையாக எழுதுகிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த விதிகளை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம், ஆங்கில எழுத்துக்கூட்டலை விடச் சுலபம்.

மொழியின் பெயரையும் ஒரு தடவை சரிசெய்துகொள்வோம். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியைக் ‘காலிக்’ என்கிறார்கள். ‘கேலிக்’ என்று நீட்டிச் சொன்னால் அயர்லாந்தை நினைப்பார்கள். இரண்டும் அக்கா தங்கை மொழிகள்தான், ஒன்றல்ல. உங்கள் பட்டியலில் இருந்த ‘சீர்ஷா’ அயர்லாந்துப் பெயர், ‘விடுதலை’ என்று பொருள். ஸ்காட்லாந்துக் காலிக்கில் அதே சொல் ‘சோர்ஸ’ என்கிற மாதிரி வரும். வைக்கக் கூடாதா என்றால், தாராளமாக வைக்கலாம். ஆனால் நீங்கள் காலிக் பெயர் என்று நினைத்து ஆசையாக வைக்க, நெஸ் ஊர்க் கிழவி “ஓ, ஐரிஷ் பேரா” என்று ஒரு இழு இழுப்பார் பாருங்கள், அதற்குத் தயாராக இருங்கள். நம் வீட்டில் மருமகள் ஆசை ஆசையாக ஒரு மலையாளப் பெயரைக் கொண்டுவந்து “நல்ல தமிழ்ப் பேர் அத்தை” என்று நீட்டினால் என்ன நடக்குமோ அதுதான்.

‘வாரி’ பற்றி

இந்தப் பெயர் தமிழ் படித்தவர்களுக்கு ரொம்பச் சுவையான விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். காலிக்கில் உண்மையான பெயர் ‘மாரி’. ஆமாம், நம் மாரியம்மன் மாரி மாதிரியே ஒலிக்கும், ஆனால் மரியாளின் பெயர், ஒற்றுமை தற்செயல். மாரியை நேராகக் கூப்பிடும்போது முதல் எழுத்து மெலிந்து ‘அ வாரி’ ஆகும். எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். கண்ணனைக் ‘கண்ணா’ என்கிறோம், அவர்கள் மாரியை ‘வாரி’ என்கிறார்கள். காலிக் தெரியாத ஆட்கள், அம்மா பிள்ளையைக் கூப்பிடுவதைக் காதால் கேட்டுவிட்டு அதுதான் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். ‘ஹேமிஷ்’ என்று உலகம் முழுக்கத் தெரிந்த ஸ்காட்லாந்துப் பெயரும் இப்படி வந்ததுதான். பெயர் ‘ஷேமஸ்’, கூப்பிட்டால் ‘அ ஹேமிஷ்’.

அப்படியென்றால் வாரி தப்பான பெயரா? இல்லை. ஸ்காட்லாந்து முழுக்க எத்தனையோ வாரிகள் இருக்கிறார்கள், டாக்டர், டீச்சர் என்று. நம் ஊரில் கண்ணா என்றே சான்றிதழில் பெயர் உள்ளவர்கள் இல்லையா. ஆனால் காலிக் பேசுகிற பாட்டி வீட்டில் ‘வாரி வந்தாள், வாரி சாப்பிட்டாள்’ என்று சொல்வது ‘கண்ணா வந்தான், கண்ணா சாப்பிட்டான்’ என்கிற மாதிரி காதில் கொஞ்சம் இடறும். வாரி வேண்டும் என்றால் சான்றிதழில் மாரி என்று பதிந்துவிடுங்கள், கூப்பிடும்போது தானாகவே வாரி ஆகிவிடும், ஒரே விலைக்கு இரண்டு பெயர். இன்னொன்றும் உண்டு. உங்கள் ஊர்ப்பக்கம் ‘வாரிட்டுப் போயிரும்’ என்று எதைச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும், உங்கள் ஆச்சி முகம் சுளிக்கலாம்.

இந்தச் சோதனையை எல்லாப் பெயருக்கும் செய்து பாருங்கள். இங்கே ரொம்பப் பிரியமான பெயர் ‘ஏலி’, கடைசியில் டி ஹெச் போட்டு எழுதுவார்கள், வாயில் வராது. அழகான பெயர்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வைத்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து வந்த தாத்தா முதல் நாளே “எலி எங்க, எலி தூங்குதா?” என்று ஆரம்பித்தார், இன்றுவரை எலிதான், அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினாலு வயது.

இணையப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ‘பொருள்: அழகு’, ‘பொருள்: காதல்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அகராதியில் இருக்கிற உரிச்சொல்லைப் பிய்த்து எடுத்துப் பெயர் என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தமிழ் அகராதி பார்த்துத் தங்கள் மகளுக்கு ‘அழகான’ என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? சில பெயர்களுக்குக் கதையே வேறு. ‘ஃபியோனா’வைப் பழங்காலக் காலிக் பெயர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் மெக்ஃபெர்சன் என்ற கவிஞர், வெண்மை என்று பொருள்படும் சொல்லிலிருந்து உருவாக்கியது. ‘அயோனா’ ஒரு தீவின் பெயர், புனித கொலும்பா 563-ல் மடம் அமைத்த இடம். பழைய ஏட்டில் ‘அயோவா’ என்கிற மாதிரி இருந்த பெயரில் ‘யு’வை யாரோ ‘என்’ என்று படித்துவிட, அந்தப் பிழையே நிலைத்துவிட்டது. 2023-ல் ஸ்காட்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட ‘ஐலா’வும் இடப்பெயர் வழி வந்ததுதான். பிழையில் பிறந்தாலும் பெயர் பெயர்தான், எனக்கு அதில் குறை இல்லை. வைக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஓய்ரிக்குக்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தீர்கள். அதை விடுங்கள். சுடலைமுத்து என்பதற்கு அகராதிப் பொருள் பார்த்தா உங்கள் அப்பாவுக்குப் பெயர் வைத்தார்கள்? சுடலைமாடன் கோயில் இருந்தது, தாத்தா பெயர் இருந்தது, வைத்தார்கள். காலிக்கிலும் பாதிக்கு மேல் இப்படித்தான். ‘மால்கம்’ என்றால் கொலும்பாவின் அடியான், நம் தாசன் மாதிரி.

பாட்டி பெயர் வழக்கம்

கணவர் சொல்வது உண்மைதான். ஸ்காட்லாந்தில் அப்படி ஒரு பழைய வழக்கம் உண்டு. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். நமக்கு இது புதிதே இல்லை. ‘பேரன்’ என்ற சொல்லே பெயரன்தானே, தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். ஆனால் பெண் குழந்தைக்கு அந்த வழக்கம் என்ன சொல்கிறது என்று கணவரிடம் கேட்டுப் பாருங்கள். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். அதாவது அவர்கள் வழக்கத்தைக் கறாராகப் பார்த்தால், இன்வர்னெஸ்ஸில் பிறந்த இந்தப் பெண்ணுக்குச் செல்லம்மாள் என்றுதான் பெயர் வைக்க வேண்டும்! அப்பாவின் அம்மா பெயருக்கே இரண்டாவது மகள் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும், ஓய்ரிக் அவருக்கும் ஒரு தலைமுறை மேலே.

இதைச் சண்டைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எல்லாக் குடும்பமும் அட்டவணை போட்டுக் கடைப்பிடித்ததும் இல்லை. ஆனால் “உங்க வழக்கப்படி எங்கம்மாவுக்கும் ஒரு இடம் உண்டு” என்று சிரித்துக்கொண்டே சொல்ல நல்ல பிடி இது. லூயிஸ்காரருக்கு அந்த வழக்கம் நன்றாகவே தெரிந்திருக்கும், அவரும் சிரிப்பார். பேச்சுவாக்கில் ‘மர்டினா’, ‘டொனால்டினா’, ‘கென்னத்தினா’ எல்லாம் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். தாத்தா பெயரை விட மனசு வராமல் பேத்திக்கு ‘இனா’ சேர்த்து வைத்த பெயர்கள் அவை, தீவில் ஏராளம். ஓய்ரிக்கோடு தப்பித்தோம் என்று தோன்றும்.

சட்டம் என்ன சொல்கிறது

21 நாள் உண்மை. பிறந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஸ்காட்லாந்தில் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதியலாம், இன்வர்னெஸ்தான் என்று இல்லை. நீங்கள் திருமணமானவர்கள் என்பதால் இருவரில் ஒருவர் போனாலே போதும். ஆனால் இருவரும் போங்கள் என்பேன், பெயரில் இழுபறி இருக்கும் வீட்டில் ஒருவர் தனியாகப் போய்ப் பதிந்துவிட்டு வந்தால் அது இருபது வருஷத்துக்குப் பேச்சாக ஓடும். ஆஸ்பத்திரியில் தந்த அட்டை, திருமணச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிந்தால் மாற்றவே முடியாது என்பது தப்பு. முதல் 12 மாதத்துக்குள் முதல்பெயரை மாற்றிப் பதிவில் ஏற்ற வழி உண்டு. அதற்குப் பிறகும் 16 வயதுக்குள் ஒருமுறை மாற்றலாம். பழைய பதிவு அழியாது, மாற்றம் தனியாகக் குறிக்கப்படும். பெற்றோர் உரிமை உள்ள இருவரும் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒத்துவராவிட்டால் ஷெரிஃப் நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் பெயருக்காக அந்தப் படி ஏறி நிம்மதியாக இறங்கியவர்களை நான் பார்த்ததில்லை.

தடைசெய்த பெயர் என்று அரசாங்கப் பட்டியல் எதுவும் கிடையாது. இன்ன பெயர் வைக்க இன்ன குலத்தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், காரணம் நான் பட்டது. என் மகன் பெயர் எழில். பதிவில் ‘இசட்’டுக்குப் பின்னால் வர வேண்டிய ஹெச் விட்டுப்போயிற்று. பதிவாளர் என் முன்னால் வைத்த பக்கத்தில் நான்தான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், நானே வக்கீல், பிள்ளை மடியில் அழுதுகொண்டிருந்தான், வேறென்ன சொல்ல. திருத்தப் பதிவேட்டில் ஏற்றிச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைந்தேன். ஓய்ரிக்கில் ஜி-க்கும் ஆர்-க்கும் நடுவில் ஹெச் இருக்கிறதா என்று பாருங்கள். மாரி என்றால் ‘ஏ’ மேல் இடப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று வரும், அதை அவர்கள் ‘ஸ்ட்ராக்’ என்கிறார்கள், நெடில் என்று காட்டுகிற குறி. நம் துணைக்கால் மாதிரி. அது வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் கணினி படிக்கிற இரண்டு வரிகளில் அந்தக் கோடு எப்படியும் வராது, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் அங்கே வெறும் எழுத்துதான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

குடியுரிமை உங்களுக்குச் சிக்கல் இல்லை. அப்பா பிரிட்டிஷ் குடிமகன், குழந்தை பிறந்ததும் இங்கே, அதனால் பிரிட்டிஷ் குடிமகள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை முதலில் எடுங்கள், பிறகு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது). ஓசிஐயில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரேதான் வர வேண்டும். ‘இங்கே காலிக் பெயர், இந்தியத் தாளில் தமிழ்ப் பெயர்’ என்று நீங்கள் யோசித்தது நடக்காது, இரண்டையும் பிறப்புப் பதிவிலேயே சேர்த்துவிடுவதுதான் வழி.

மிசஸ் சுடலைமுத்து

உங்களுக்கு நடந்தது நம்மவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் உண்டு. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அப்பா பெயரைப் போட்டோம், அது நம் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உங்கள் அத்தைக்கு இதை விளக்கிப் பாருங்கள், உங்கள் தோழிகளைவிட அவர் சீக்கிரம் புரிந்துகொள்வார். தீவில் ஒரே கிராமத்தில் இருபது மெக்லவுட் வீடு இருக்கும், குடும்பப் பெயரைச் சொல்லி யாரையும் அடையாளம் காட்ட முடியாது. அதனால் ‘மாரி, இயனின் மகள், அவன் டோனலின் மகன்’ என்று அப்பா, தாத்தா பெயரைக் கோத்துச் சொல்வார்கள். எஸ். என்று ஓர் எழுத்தில் நாம் முடித்துக்கொள்வதை அவர்கள் முழுசாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். (‘மெக்’ என்றால் மகன். நம் ‘மகன்’ மாதிரியே இருக்கிறதே என்று யாராவது வாட்ஸப்பில் ஆராய்ச்சி அனுப்பினால் நம்பாதீர்கள்.)

மெக் என்பது மகனுக்கு உரியது என்பதால் காலிக்கில் பெண்களுக்கு ‘நிக்’ என்று மாறும். மகளுக்கு அந்த வடிவத்திலேயே குடும்பப் பெயர் பதியலாம், சட்டம் தடுக்காது, அப்பா பெயர்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அப்பா ஒரு பெயர், மகள் ஒரு பெயர், அம்மா மூன்றாவதாக சுடலைமுத்து என்று ஆகிவிடும், விமான நிலையத்தில் குழந்தையை நீங்கள் தனியாகக் கூட்டிக்கொண்டு போகும்போது கேள்வி வரும். பிறப்புச் சான்றிதழும் கணவர் கையெழுத்திட்ட கடிதமும் கையில் இருந்தால் சமாளிக்கலாம். ஏற்கெனவே இருக்கிற குழப்பம் போதும், நான் என்றால் அப்பாவின் குடும்பப் பெயரையே போட்டுவிடுவேன்.

தோழி சொன்னது

வேஷம் என்ற பேச்சை எடுத்த எடுப்பில் தள்ளிவிடுங்கள். அந்தப் பிள்ளையின் கொள்ளுப்பாட்டி பெயர் அது. நிறத்தைப் பார்த்து யாராவது “இந்தப் பெயர் உனக்கு எப்படி?” என்று கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள், அதை நான் மறைக்கவில்லை. “என் பாட்டி நெஸ்காரி” என்று பதில் சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிந்தால் காலிக்கிலேயே சொல்லட்டும். 2022 கணக்கெடுப்பின்படி காலிக் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் ஸ்காட்லாந்து முழுக்கவே ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர்தான், இன்னும் ஒருத்தி வந்தால் வேண்டாம் என்று சொல்லுகிற நிலையில் அந்த மொழி இல்லை. இன்வர்னெஸ்ஸில் 1985-லிருந்தே காலிக் வழிக் கல்வி இருக்கிறது. அப்படிப்பட்ட வகுப்பில் சேர்த்தால் வருகைப் பதிவின்போது டீச்சர் ஓய்ரிக் என்று தடங்கலில்லாமல் வாசிப்பார். மற்ற இடங்களில் தடுமாறுவார்கள், அதுவும் உண்மை. வேலை தேடும் வயதில் ஃபோனில் எழுத்துக்கூட்டிச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போகும். உங்களுக்கும் எனக்கும் அலுக்கவில்லையா?

நான் என்ன செய்வேன் என்று கேட்டால், சான்றிதழில் ‘ஓய்ரிக் செல்லம்மா’ என்று இரண்டையும் போட்டு, பின்னால் குடும்பப் பெயரைச் சேர்ப்பேன். தெருவில், பள்ளியில் யாருக்காவது நாக்கு சுளுக்கினால் ‘எஃபி’ இருக்கவே இருக்கிறது. அந்தக் கொள்ளுப்பாட்டிக்குக் காகிதத்தில் எஃபி, வாயில் ஓய்ரிக். இவளுக்குக் காகிதத்தில் ஓய்ரிக், வாயில் எது வேண்டுமானாலும். உயிரெழுத்தில் தொடங்குகிற பெயர் என்பதால் கூப்பிடும்போது முன்னெழுத்து மெலிகிற தொல்லையும் இல்லை, அ வாரி கதை இங்கே நடக்காது. செல்லம்மாவுக்கு ஆங்கிலத்தில் ‘சி ஹெச்’ போடுவதா ‘எஸ்’ போடுவதா என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். சி ஹெச் போட்டால் அத்தை அதைக் காலிக் வழக்கப்படி மூச்சோடு இழுத்து ‘ஹெல்லம்மா’ என்பார், எனக்குக் கேட்க ஆசைதான், உங்கள் அம்மாவுக்கு எப்படி இருக்குமோ தெரியாது.

மாரியே மனசில் நிற்கிறது என்றால் அதையும் வைக்கலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக்கு அத்தைக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஃபோனில் பதிவை ஓடவிட்டு, அவருடைய அம்மாவை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள், கொல்லைப்புறத்திலிருந்து சத்தமாகக் கூப்பிடும்போது எப்படி இருக்கும் என்று கேளுங்கள். அவர் கூப்பிட்டுக் காட்டுவார். அந்தப் பதிவை அப்படியே திருநெல்வேலிக்கு அனுப்பி, உங்கள் அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஓய்ரிக் என்பது அவர் வாயில் ‘ஓயிரி’ ஆனாலும் பரவாயில்லை, ‘ஓய்’ என்று மட்டும் மிஞ்சினால் எனக்கு எழுதுங்கள், மறுபடி யோசிப்போம். பத்து நாள் இருக்கிறது, அலுவலகத்துக்கு முன்கூட்டியே நேரம் வாங்கிவிடுங்கள், சனி ஞாயிறைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.